அமாவாசையில் ஓடிய தறி

"ஆள் காணாமப் போன கேஸ் பாத்திருக்கேன். நகை காணாமப் போன கேஸ் பாத்திருக்கேன். ஓடிபி காணாமப் போன கேஸ் இதாங்க மொத தபா," என்றேன்.

சூர்யகலா சிரிக்கவில்லை. ஸ்வர்ணலதா மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு ஓரமாக உட்கார் என்று அதற்கு அர்த்தம். உட்கார்ந்தேன். அது சின்னப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலி. என் முழங்கால் மோவாயில் இடித்தது.

நான் குணா. வேலூரில் மேடம் நடத்தும் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளன். உதவி என்றால் வண்டி ஓட்டுவது, டீ வாங்குவது, யாரும் கேட்காதபோது கருத்துச் சொல்வது. அன்று மதியச் சோற்றில் கை வைக்கப் போன நேரத்தில் போன் வந்து, ஆரணிக்கு வண்டியை விரட்ட வேண்டியதாகிவிட்டது. பசியில் எனக்கு நல்ல புத்தி வராது.

நாங்கள் உட்கார்ந்திருந்த இடம் சூர்யகலா நடத்தும் பகல்நேர மையம். அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில், தனியாக விட முடியாத சிறப்புக் குழந்தைகளை இங்கே பார்த்துக்கொள்கிறார்கள். அன்று பாய்கள் நிறைய விரித்துக் கிடந்தன, பிள்ளைகள்தான் குறைவு. ஒரு பெண் குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே சூர்யகலா எங்களிடம் பேசினார். நடுநடுவே இன்னொரு பையனின் மூக்கைத் துடைத்துவிட்டார். அந்த அம்மாவுக்கு உட்கார்ந்து அழக்கூட நேரம் இல்லை.

"சென்னையில ஒரு பவுண்டேஷன் மானியம் குடுக்கறாங்க மேடம். இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணியோட கடைசி. அது கிடைக்கலன்னா வர்ற மாசம் இந்தக் கதவைச் சாத்திட்டு நான் வெம்பாக்கத்துக்கே போக வேண்டியதுதான். எங்க வீட்டுல நிலம் கீது, நான் பொழைச்சுக்குவேன். இந்தப் பசங்க எங்க போவும்?"

"விண்ணப்பம் தயாரா?"

"எல்லாமே தயார். செய்யார்லேருந்து சிவகுமார்னு ஒருத்தர் வருவாரு. எங்கள மாதிரி நேரமில்லாத சின்னச் சின்ன டிரஸ்டுக்கெல்லாம் மானியம் கேக்கறதுக்குத் தயார் பண்ணிக் குடுக்கறதுதான் அவரு வேலை. பத்திரம், ஆடிட்டு, போட்டோ, எல்லாத்தையும் மாசக்கணக்கா ஓடியாடி சேர்த்தாரு. இப்ப கடைசி பட்டன் ஒண்ணுதான் பாக்கி. அதை அமுக்கினா நிர்வாக அறங்காவலர் போனுக்கு ஓடிபி போவும். அவரைத்தான் காணோம்."

காணாமல் போனவர் பெயர் சக்கரவர்த்தி. பட்டு நெசவாளர். அவருடைய மகள் மோனிஷா இந்த மையத்துப் பிள்ளைதான். மையத்தை ஆரம்பித்தபோது பெற்றோர் சார்பில் அவரை நிர்வாக அறங்காவலராகப் போட்டிருக்கிறார்கள்.

"ஏங்க, நிர்வாகம் பண்றது நீங்க. நம்பர் மட்டும் ஏன் அவர்து?" என்றேன்.

"பதிவு பண்ண அன்னிக்கு என் போன்ல சார்ஜ் இல்லங்க. அவர் போன்லதான் இருந்துது."

"சரி, மாத்திட வேண்டியதுதானே?"

"மாத்தறதுக்கும் அந்த நம்பருக்குத்தான் ஓடிபி போவும்."

சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிய கதை. இதைச் சொல்ல வாயெடுத்தேன். மேடம் முந்திக்கொண்டார். "கடைசியா எப்ப பேசினீங்க?"

"காலையில ஒரு தடவை எடுத்தாரு. பின்னாடி தறி ஓடற சத்தம் கேட்டுது. 'தறியில கீறேங்க, அப்பறம் பேசறேன்'னு வெச்சுட்டாரு. அதுலேருந்து ரிங் போய்கினே கீது, எடுக்கவே மாட்டேன்றாரு. வீடு பூட்டியிருக்கு. நேத்தே கிளம்பிட்டாராம். அவங்க வீட்டம்மா அபிதகுசாம்பாள் செய்யார்ல கம்பெனி வேலைக்குப் போவாங்க. அவங்களுக்கும் தெரியலயாம். புள்ளய கண்ணமங்கலத்துல தம்பி வீட்டுல விட்டிருக்காங்க, தம்பியும் மாமா இங்க வரலன்றான்."

"வேற யார் தறியிலயாவது உக்காந்துகினு இருப்பாரு. நாலு தெரு சுத்தினா ஆள் சிக்கிடுவாரு," என்றேன்.

அந்த நேரத்தில் மடிக்கணினிப் பையோடு சிவகுமார் உள்ளே வந்தார். முகம் வெளிறிக் கிடந்தது. எனக்கு உடனே ஒரு சந்தேகம் வந்தது. எனக்குச் சந்தேகம் வருவதில் தாமதமே கிடையாது.

"ஏன் சார், நீங்க மத்த டிரஸ்டுக்கும் தயார் பண்றீங்கல்ல? இவங்க விண்ணப்பம் போகலன்னா அதுல யாருக்கு லாபம்?"

"இந்த மானியத்துக்கு நான் தயார் பண்ணது இது ஒண்ணுதாங்க," என்றார் அவர். "மத்தவங்களுக்கு ஆடிட்டே முடியல, இந்த வருஷம் வேணாம்னு சொல்லிட்டேன். நீங்க அடிக்கணும்னா ஆறு மணிக்கு மேல அடிங்க. இப்ப அந்த மனுஷனக் கண்டுபிடிங்க."

என் சந்தேகம் அதோடு படுத்துவிட்டது. மேடம் மடிக்கணினியை வாங்கி விண்ணப்பத்தைப் படிக்க ஆரம்பித்தார். ஓர் இடத்தில் நிறுத்தி எனக்கும் படித்துக் காட்டினார். பயனாளி ஒருவரின் கதை என்ற பகுதி அது.

'தறி ஓயாத வீடு. வேறு வழியில்லாத தாய், தன் மகளைப் பழைய புடவைத் துண்டால் தறிக்காலோடு கட்டி வைத்தாள். அந்தக் கட்டை அவிழ்த்தது இந்த மையம்.'

சிவகுமார் நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்.

"இது மோனிஷாவா?"

"ஆமாங்க. பேர மாத்தியிருக்கோம்."

"சக்கரவர்த்தி இதைப் படிச்சாரா?"

"முந்தாநாள் வாட்ஸ்அப்புல அனுப்பிச்சேன். கடைசியில உறுதிமொழி ஒண்ணு இருக்கு, இதெல்லாம் உண்மைன்னு அவரு ஒத்துக்கணும். படிச்சுட்டு ஓகே சொல்லுங்கன்னேன். படிச்சதுக்கு நீல டிக்கு வந்துது. ஓகே மட்டும் வரல."

மேடம் சூர்யகலா பக்கம் திரும்பினார். "அபிதகுசாம்பாளுக்கு எந்த ஷிப்டு?"

"காலை ஷிப்டு. விடியறதுக்கு முன்னாடியே கம்பெனி பஸ் வந்துடும். திரும்ப மூணு மணி ஆவும்."

"இப்பதானா, முன்னாடியிலேருந்தா?"

"மோனிஷா நடக்க ஆரம்பிச்சதுலேருந்து அதே ஷிப்டுதான். ஏங்க?"

மேடம் எழுந்து ஜன்னல் ஓரம் போனார். "குணா, வெளிய என்ன கேக்குது?"

காதைத் தீட்டினேன். ஒரு சைக்கிள் மணி. எங்கோ ஒரு மிக்ஸி. "ஒண்ணும் கேக்கல மேடம்."

"நெசவுத் தெருவுல ஒண்ணும் கேக்கலன்னா?"

"எல்லாரும் தூங்கறாங்களா?"

"இன்னிக்கு அமாவாசை," என்றார் மேடம். "அமாவாசைக்கு இங்க கைத்தறியில யாரும் கை வைக்க மாட்டாங்க. நான் பொறந்தது இந்த ஊர்லதான். அன்னிக்கு ஒரு நாள்தான் எங்கப்பா பகல்ல படுத்து நான் பாத்திருக்கேன்."

சூர்யகலா நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயோ, இன்னிக்கு அமாவாசையா! அதான் பசங்க வரல. பாதி ஜனம் மேல்மலையனூர் கோயிலுக்கு பஸ் ஏறியிருக்கும். ஒரு வாரமா எனக்கு இது கடைசி நாள்ன்றதத் தவிர ஒண்ணுமே ஞாபகம் இல்லங்க."

"அப்ப காலையில போன்ல ஓடினது எந்தத் தறி?"

"பவர்லூமா இருக்கும்," என்றேன்.

"பவர்லூம் சத்தத்துல போன் பேச முடியாது. இவங்க கேட்டது ஒத்தத் தறி. சூர்யகலா, அமாவாசை அன்னிக்கு மோனிஷா எப்பவாவது இங்க வந்திருக்காளா?"

"வந்தா தாங்க மாட்டா மேடம். அவளுக்குப் பேச்சும் வராது. பொறந்ததுலேருந்து கேட்டது தறிச் சத்தம், அது நின்னா பயந்து போய் தலையை சுவத்துல மோதிக்குவா. இங்க பக்கத்து வீட்டுத் தறி கேட்டுகினே இருக்கும், அதனால மத்த நாள்ல சமாளிச்சுக்குவா. அமாவாசைன்னா அவங்கப்பாதான் கூடவே உக்காந்துகினு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். கஞ்சிக் கரண்டி அப்படியே நின்றது. "ஸ்பீக்கர்! மெமரி கார்டு போட்ட சின்ன ஸ்பீக்கர் ஒண்ணு வெச்சிருப்பாரு. அதுல அவர் தறிச் சத்தத்தையே பதிஞ்சு, அவ பக்கத்துல ஓட விடுவாரு."

"பாவம், பொய் சொல்லித் தெரியாத மனுஷன்," என்றார் மேடம். "பின்னாடி சத்தம் ஓடிட்டிருந்துது, சட்டுனு தறியில இருக்கேன்னு சொல்லிட்டாரு. இன்னிக்கு என்ன நாளுன்னு நெசவுக்காரருக்கே ஞாபகம் இல்லன்னா, மனசு எவ்ளோ கலங்கிப் போயிருக்கணும். அவர் புள்ளகூட இருக்காரு. புள்ள கண்ணமங்கலத்துல இருக்கு. மச்சினன் பொய் சொல்றான். குணா, வண்டிய எடு. ஜல்தி."

வேலூர் ரோட்டில் வண்டி பறந்தது. "மேடம், ஆளு எங்கன்னு தெரிஞ்சு போச்சு. ஏன் ஓடினாருன்னு தெரியலியே," என்று கத்தினேன்.

"எனக்குத் தெரியும்னு நினைக்கறேன். தப்பா இருந்தா நல்லது," என்று பின்னாலிருந்து பதில் வந்தது. அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. மேடம் ஒரு வழக்கில் தோற்க ஆசைப்பட்டு நான் கேட்டதே இல்லை.

கண்ணமங்கலத்தில் அபிதகுசாம்பாளின் தம்பி விக்னேஷ் உரக்கடை வைத்திருந்தான். கடைக்குப் பின்னாலேயே வீடு. எங்களைப் பார்த்ததும் கல்லாவை விட்டு எழுந்து வாசலை மறித்துக்கொண்டான்.

"மாமா இங்க வரலங்க. எத்தினி பேருக்குத்தான் சொல்றது? பேஜாரா போச்சு."

"பரவால்ல தம்பி. கொஞ்சம் தண்ணி குடுங்க," என்றேன். அவன் சொம்பை எடுக்கத் திரும்பியபோது எனக்குக் கேட்டது. டக், டடக். டக், டடக்.

"ஏம்பா, பின்னாடி தறி போட்டிருக்கியா?"

"இந்தத் தெருவுலயே தறி கிடையாதுங்க," என்று பட்டென்று சொன்னான். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. சொம்போடு அப்படியே நின்றான்.

நாங்கள் பின்பக்கம் போனோம். உர மூட்டை அடுக்கும் கொட்டகையில், கோணிமேல் ஒரு பெண் குழந்தை உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரைக் காதோடு சேர்த்து அணைத்திருந்தாள். பக்கத்தில் சக்கரவர்த்தி. எதிரே தரையில் அவருடைய போன் ஒலி இல்லாமல் மின்னி மின்னி அணைந்தது. சூர்யகலாவின் பெயர்தான் வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவர் உட்கார்ந்திருந்தார்.

எனக்குக் கோபம் பொங்கியது. "அங்க ஒரு அம்மா செத்துகினு இருக்காங்க. இங்க உக்காந்து போன வேடிக்கை பாக்கறீங்களா? நல்லா இருக்குய்யா!"

"குணா," என்றார் மேடம். பிறகு அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். "உங்களை யாராவது மிரட்டினாங்களா?"

"இல்லங்க."

"மையம் மூடறது உங்களுக்கு சம்மதமா?"

"ஐயோ! அது இல்லன்னா எம்புள்ள என்னங்க ஆவும்?"

"அப்ப அந்தக் கதைதான். அதுல ஒரு வரி பொய். அதை உண்மைன்னு சொல்லி ஓடிபி குடுக்க உங்களால முடியல. குடுக்க மாட்டேன்னு சூர்யகலா முகத்தப் பாத்து சொல்லவும் முடியல. அதனால ஓடி வந்துட்டீங்க."

அவர் தலை குனிந்தார்.

"தறி ஓடும்போது அம்மா கட்டி வெச்சான்னு எழுதியிருக்கு. தறி ஓடற பகல் முழுக்க அபிதா செய்யார்ல இருந்திருக்காங்க. வீட்டுல இருந்தது ஒருத்தர்தான்."

எனக்கு அவர்மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"நான்தாங்க கட்டினேன்," என்றார் சக்கரவர்த்தி. "ஒரு தபா தெருவுல ஓடிட்டா, லாரிக்காரன் பிரேக்கு போட்டான், தப்பிச்சா. மறுநாள்லேருந்து இடுப்புல துண்ட சுத்தி கட்டிட்டுதான் தறியில குந்துவேன். எம் பொஞ்சாதி வர்றதுக்கு முன்னாடி அவுத்துடுவேன். அவளுக்குத் தெரியாது. கை நீட்டி ஒரு அடி அடிச்சதில்லங்க அவ புள்ளைய. இந்த சிவகுமாரு தாய் கட்டினாள்னு இட்டுக்கட்டிட்டான். அவ தலையில போட்டு மானியம் வாங்கி, அதுல எம்புள்ளைய குந்த வெக்கறதா?"

மேடம் என்னிடம் கை நீட்டினார். என் போனில் சூர்யகலாவை அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தேன். ஆள் கிடைத்துவிட்டார் என்றதும் அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. மேடம் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். "சிவகுமார், இந்தக் கதையை யார் சொன்னாங்க?"

அவர் வாயைத் திறப்பதற்குள் வேறொரு குரல் வந்தது. "நான் சொன்னேங்க."

ஷிப்டு முடிந்து நேராக மையத்துக்கே வந்திருக்கிறார் அபிதகுசாம்பாள்.

சக்கரவர்த்தி நிமிர்ந்தார். "நீ இன்னாம்மா சொல்ற?"

"அவரு இட்டுக்கட்டல. நான்தான் கட்டினேன்னு சொல்லி எழுத வெச்சேன். தினம் வந்து அவளைக் குளிப்பாட்டறவ நான். இடுப்புல தடம் எனக்குத் தெரியாதா? கேட்டா நீங்க தறிய விட்டுட்டு குந்திடுவீங்க, அப்பறம் சோத்துக்கு இன்னா பண்றதுன்னு கேக்காமலே இருந்துட்டேன். உங்க பேரு டிரஸ்டுல கீது. என் பேரு எங்கயும் இல்ல. எங்கயும் இல்லாத பேரு கெட்டா யாருக்கு இன்னா நஷ்டம்?"

சக்கரவர்த்தி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். மோனிஷா ஆடுவதை நிறுத்தி அவரைப் பார்த்தாள்.

"மாத்திடுங்க," என்றார் கடைசியில். "அப்பான்னு எழுதுங்க."

"சார், கொஞ்சம் யோசிங்க," என்றார் சிவகுமார். "அந்த அப்பா யாருன்னா நிர்வாக அறங்காவலர். விசாரிக்க வருவாங்க, எல்லாம் வெளிய வந்துடும். புள்ளையக் கட்டிப் போட்டவர் பேர்ல இருக்கற டிரஸ்டுக்கு யாரு சார் மானியம் குடுப்பாங்க? குழந்தைகள் நல ஆபீஸ்லேருந்துகூட வந்து கேப்பாங்க."

"வேற புள்ள கதையப் போடலாமே?" என்றேன்.

"பெத்தவங்க ரெண்டு பேரும் கையெழுத்து போடணும். மலையனூர் கூட்டத்துல யாரப் போய்த் தேடறது? அதுக்கெல்லாம் இப்ப நேரம் இல்ல."

"அந்தப் பகுதிய காலியா விட்டா?"

"காலியா விட்டா அடுத்த பக்கமே தொறக்காது."

நான் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பொய்க்கு ஓட்டுப் போடலாம் என்று நினைத்தேன். அந்த அம்மாவே ஒப்புக்கொண்டார், யாருக்கு என்ன போச்சு? அந்த மையத்தில் கஞ்சிக்கு வாயைத் திறந்து வைத்திருந்த பிள்ளை என் கண்ணிலேயே நின்றது. மேடத்தைப் பார்த்தேன். அவர் யாருக்கும் எதுவும் சொல்வதாக இல்லை.

"அப்பா கட்டினாரு, அம்மா தெரிஞ்சும் கேக்கல. அப்படியே எழுதுங்கக்கா," என்றார் அபிதகுசாம்பாள். "அவரு ஒண்டியா நிக்க வேணாம்."

அந்தப் பக்கம் சூர்யகலா அழுதுகொண்டே தட்டச்சு செய்வது கேட்டது. எழுதியதைப் படித்துக் காட்டினார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்.

"சார், அமுக்கிட்டா திரும்ப எடுக்க முடியாது. இதனாலேயே நமக்கு இல்லன்னு சொல்லிடலாம். எல்லாப் புள்ளைங்களும் இதுல கீது சார். நல்லா யோசிச்சு சொல்லுங்க. அமுக்கவா?"

சக்கரவர்த்தி மகளின் தலையை வருடிக்கொடுத்தார்.

"இவளுக்குப் பேச்சு வரலங்க. வந்திருந்தா எப்பவோ சொல்லியிருப்பா," என்றார். "அமுக்குங்க."

போன் வெளிச்சமாகி எண்கள் வந்தன. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார்.